பணச் செயலியை எதை வைத்து நம்புவது? வடிவமைப்பும் பிராண்டிங்கும்: குமரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஒரு புதுச் சிட்டியில் (சீட்டுக்கு இங்கே சிட்டி என்றுதான் பேர்) சேரச் சொல்லி யாரையாவது கேட்டுப் பாருங்கள். கழிவு எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது "ஆளு யாரு?" என்ற கேள்வி. வீடு எந்தத் தெருவில், எத்தனை வருடமாக நடத்துகிறார், போன தடவை சிட்டி எடுத்தவருக்குச் சொன்ன தேதியில் பைசா கைக்கு வந்ததா, நாளைக்கு ஒரு தகராறு என்றால் யாரைப் போய்ப் பார்ப்பது? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

கடன் செயலி, பணம் அனுப்பும் செயலி, முதலீட்டுச் செயலி என எல்லாவற்றிடமும் மக்கள் கேட்பது இதே கேள்விகளைத்தான். எதிரே ஆள் இல்லாததால் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டியது திரை, குறுஞ்செய்தி, ரசீது, போனை எடுக்கிறவரின் குரல். இப்படிச் செயலி வழியாகப் பணச் சேவை நடத்தும் ஃபின்டெக் நிறுவனத்துக்கு வடிவமைப்பு, பிராண்டிங் என்று நான் சொல்வது இவை அத்தனையையும் சேர்த்துத்தான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இவர்களில் பலரும் முதலில் கேட்பது லோகோ. "நீலத்துல இருக்கட்டும், பார்த்தாலே நம்பிக்கை வரணும்" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2002-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் இணையதளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டது. வந்த கருத்துகளில் 46 சதவீதம் தோற்றத்தைப் பற்றியவை. நிதித் தளங்களுக்கு அது பாதியைத் தாண்டியது. ஆனால் அந்தக் காலத்தில் நல்ல தோற்றத்துக்குப் பணமும் ஆளும் வேண்டியிருந்தது. இன்று ஒரு மோசடிக்காரன் உங்கள் நிறம், எழுத்து, லோகோ மூன்றையும் ஒரே பிற்பகலில் நகலெடுத்து, ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோருக்குப் போகாமலே செயலியை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். போலிக்காரனால் எதைச் செய்ய முடியாதோ அதில் முதலில் காசைச் செலவழியுங்கள். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான். லோகோ பின்னால் வரும்.

முதல் படி: நீங்கள் யார் என்பதை முகப்பிலேயே சொல்லுங்கள்

பெயரில் இருந்து தொடங்குவோம். 1949-ம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, வங்கி அல்லாத நிறுவனம் தன் பெயரில் 'பேங்க்', 'பேங்கிங்' போன்ற சொற்களைச் சேர்க்க முடியாது. சிட்டி நடத்துகிறவர்களுக்கு வேறு விதமான கட்டாயம். 1982-ம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டம், பெயரில் சிட், சிட்டி, குறி போன்ற சொற்களில் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஊர்ப் புழக்கத்தில் உள்ள சொல்லையே சட்டமும் கேட்கிறது. அப்படியிருக்க அதைப் பொடி எழுத்தில் ஒதுக்கிவிட்டு, 'வெல்த்', 'நெக்ஸ்ட்' என்று பளபளப்பாக ஒன்றைப் பெரிதாகப் போடுகிறவர்களின் கணக்கு எனக்குப் பிடிபடுவதில்லை.

அடுத்தது, பணம் யாருடையது என்பது. பெரும்பாலான கடன் செயலிகள் தாங்களே கடன் கொடுப்பதில்லை. பின்னால் ஒரு வங்கியோ வங்கியல்லாத நிதி நிறுவனமோ இருக்கும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பரில் வந்தன, 2025 மே மாதம் புதுப்பிக்கப்பட்டன. கடன் கொடுப்பவர் யார் என்பதை வாங்குகிறவரிடம் மறைக்க அவை இடம் கொடுப்பதில்லை. 2025 ஜூலையிலிருந்து, தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களோடு இணைந்த கடன் செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரை 'எங்களைப் பற்றி' பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் புதைத்து வைப்பவர்கள் உண்டு. அதை முகப்பில் உங்கள் பெயருக்கு நேர் கீழே வையுங்கள்: "கடன் கொடுப்பது இன்ன நிறுவனம். பதிவு எண் இது. ரிசர்வ் வங்கிப் பட்டியலில் சரிபார்க்க இங்கே தொடுங்கள்."

இதில் ஒரு எல்லையும் உண்டு. பதிவு எண் போடுவது வேறு, ரிசர்வ் வங்கியே உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்த மாதிரி அதன் சின்னத்தைப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யக் கூடாது. அதேபோல வங்கி வைப்புத் தொகைக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு சிட்டிக்கோ மியூச்சுவல் ஃபண்டுக்கோ கிடையாது. வங்கி லோகோவைப் பக்கத்தில் வைத்து அந்தக் காப்பீடு உங்களுக்கும் உண்டு என்பது போலத் தோன்ற வைத்தால், விவரம் தெரிந்த முதல் வாடிக்கையாளரே உங்கள் பெயரைக் கெடுத்துவிடுவார்.

அலுவலகத்தையும் காட்டுங்கள். செட்டிகுளம் சந்திப்புப் பக்கம் மாடியில் இரண்டு அறைதான் என்றாலும் பரவாயில்லை. வாசல் படம், எந்தக் கடைக்கு எதிரே, எந்த நேரம் திறந்திருக்கும், போனால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். ஓடிப்போக நினைக்கிறவன் இதைச் செய்ய மாட்டான்.

கடைசியாக முகவரியும் எண்ணும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, மக்கள் ஒரே பார்வையில் அசலைப் பிரித்தறியத்தான். வங்கி அல்லாத உங்களுக்கு அந்த முகவரி கிடைக்காது. எனவே ஒரே இணையதளம், ஒரே தொலைபேசி எண், குறுஞ்செய்திக்கு ஒரே அனுப்புநர் பெயர் என்று வைத்துக்கொண்டு, அதை வருடக்கணக்கில் மாற்றாமல் இருங்கள். பண்டிகைக்கு ஒரு தளம், சலுகைக்கு இன்னொரு எண் என்று போனால், போலிக்காரன் மூன்றாவது எண்ணோடு வரும்போது யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டாம் படி: முழு விலையும் முதல் திரையில்

"மாசம் ரெண்டு வட்டிதான்" என்பது எல்லாருக்கும் பழகிய பேச்சு. அதைச் செயலியில் எழுதினால் என்ன ஆகிறது என்று கணக்குப் போடுவோம். கடன் 10,000 ரூபாய், 12 மாதம், மாதம் 2 சதவீதம், முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. வட்டி 2,400. ஆக மொத்தம் 12,400, மாதத் தவணை சுமார் 1,033. செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90 பிடித்துக்கொண்டால் கையில் வருவது 9,410. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் கடனின் உண்மையான ஆண்டு வட்டி விகிதம் சுமார் 54 சதவீதம். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 என்றுதானே வாங்குகிறவர் நினைத்திருப்பார்!

இதைத் தடுக்கத்தான் 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறுந்தொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை கட்டாயமாகியிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். சட்டம் கேட்பதால் பிடிஎஃப் ஒன்றை இணைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். அந்த அறிக்கையைத்தான் உங்கள் செயலியின் அழகான திரையாக ஆக்க வேண்டும். கையில் வருவது, திருப்பிக் கட்டுவது, வித்தியாசம் என்று மூன்று எண்கள் பெரிதாக. அதற்குக் கீழே ஆண்டு விகிதம். அதற்கும் கீழே, ஒரு தவணை தவறினால் எவ்வளவு கூடும் என்பது. 'சம்மதம்' பொத்தான் அதற்கப்புறம்தான்.

வேண்டாம் என்று திரும்புகிறவருக்கும் வழி தெரிய வேண்டும். டிஜிட்டல் கடனில் குறைந்தது ஒரு நாள் யோசனைக் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வரியைப் பெரிதாகப் போடப் பயப்படுகிற முதலாளிகள் அதிகம். எனக்கென்னவோ, "வேண்டாம்னா நாளைக்கே திருப்பிக் கொடுத்திரலாம்" என்று தெரிந்தவர்தான் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார் என்று படுகிறது.

வளைகுடாவில் இருந்து பணம் வரும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். 'கட்டணமே இல்லை' என்று எழுதிவிட்டு, மாற்று விகிதத்தில் லாபத்தை ஒளித்து வைக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் ரொம்பக் காலமாக இருக்கிறது. 2011-ல் லண்டனில் தொடங்கிய வைஸ் நிறுவனம், சந்தை விகிதத்தையும் தன் கட்டணத்தையும் தனித்தனி வரியாகக் காட்டித்தான் பெயர் வாங்கியது. கட்டணத்தைக் காட்டுவதே அவர்களுக்கு விளம்பரமாகிவிட்டது.

மூன்றாம் படி: பணம் நடுவழியில் நிற்கும் நேரம்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பிச்சிப்பூ பை கட்டியாயிற்று. வாங்கியவர் க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து, பின் எண்ணை அழுத்திவிட்டார். அவர் திரையில் மஞ்சள் வட்டம் சுற்றுகிறது. கணக்கில் பிடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. "அக்கா, பைசா போச்சு பாத்தீங்களா?" என்கிறார். "பெட்டி இன்னும் பேசல்லியே மக்கா" என்கிறார் கடைக்கார அக்கா. இவர் போனைத் திருப்பிக் காட்டுகிறார். அதில் ஆங்கிலத்தில் என்னவோ இருக்கிறது. பின்னால் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். பை இருவருக்கும் நடுவில் கல்மேடையில் கிடக்கிறது.

அந்த அரை நிமிடத்தில் உங்கள் நிறுவனத்தைப் பற்றிய அபிப்பிராயம் முடிவாகிவிடுகிறது. பணம் சரியாகப் போன நூறு தடவையை யாரும் நினைவில் வைப்பதில்லை. திரை அப்போது நாலு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: பணம் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும், எப்போதைக்குள், இவர் இப்போது என்ன செய்ய வேண்டும். 'செயலாக்கத்தில் உள்ளது' என்ற ஒற்றை வரி இந்த நாலில் எதையுமே சொல்லவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"₹2,400 உங்கள் கணக்கில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கடைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒன்று போய்ச் சேரும், இல்லாவிட்டால் 5 நாளுக்குள் தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பும். இதே தொகையை மறுபடி அனுப்ப அவசரப்பட வேண்டாம். நிலவரம் மாறியதும் தகவல் அனுப்புகிறோம்."

இந்த 5 நாள் நானாகப் போட்டதல்ல. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, யுபிஐ-யில் கடைக்குக் கட்டிய பணம் போய்ச் சேராவிட்டால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த இழப்பீட்டை எத்தனை செயலிகள் தாங்களாகவே வாடிக்கையாளரிடம் சொல்கின்றன? சொல்கிற முதல் செயலி உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் ஒன்று, திரையில் போடும் கெடு சரியான வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். கடைக்கான கெடுவை ஆளுக்கு ஆள் அனுப்பிய பணத்துக்குக் காட்டினால் வேறு வினையே வேண்டாம்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேடிஎம் 2019-ல் கொண்டுவந்த ஒலிப்பெட்டியை இப்போது பல நிறுவனங்களும் கொடுக்கின்றன. என்னைக் கேட்டால், இந்திய ஃபின்டெக்கில் வந்த மிகச் சிறந்த வடிவமைப்பு அதுதான். வாங்குகிறவரின் போனில் தெரியும் பச்சை டிக்கை எவனும் போலியாகச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். விற்கிறவரின் பக்கத்தில் இருக்கும் பெட்டி தமிழில் தொகையைச் சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம். கை ஈரமாக இருந்தாலும் காது கேட்கும். நீங்கள் வேறு எதைச் செய்தாலும், பணத்தைப் பெறுகிறவருக்கென்று தனியாக ஓர் உறுதிச் செய்தி போகும்படி அமையுங்கள்.

இன்னொரு சின்ன யோசனை. புது ஆளுக்குப் பணம் அனுப்பும்போது நம் மக்கள் முதலில் 1 ரூபாய் அனுப்பி, "வந்துட்டா?" என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் மீதியை அனுப்புவார்கள். அதைப் பொத்தானாகவே வைத்துவிடுங்கள்: "முதலில் ₹1 அனுப்பிப் பார்க்கிறேன்." 2025 ஜூன் இறுதியில் இருந்து யுபிஐ செயலிகள் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்பதும் விதி. அந்தப் பெயரைத் தொகையைவிடப் பெரிதாகக் காட்டினாலும் தப்பில்லை.

நான்காம் படி: பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் இது, 91.75 சதவீதம். ஆக, படிக்கத் தெரியாது என்ற சாக்கு இங்கே எடுபடாது. படித்தும் புரியவில்லை என்றால் தப்பு எழுதியவர் மேல்தான்.

ஆங்கிலத் திரையை முடித்துவிட்டு, கடைசியில் மொழிபெயர்ப்புக்கு அனுப்புவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. பொத்தான் ஆங்கிலச் சொல்லின் அளவுக்குச் செய்யப்பட்டிருக்கும். தமிழ் அதில் அடங்காமல் பாதியில் மூன்று புள்ளி வைத்து நிற்கும். பணம் கட்டும் பொத்தானே முழுசாகத் தெரியாத செயலியிடம் யார் பணம் கொடுப்பார்? முதலில் தமிழில் திரையைச் செய்யுங்கள். ஆங்கிலம் தானாக அதில் அடங்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. சின்ன அளவில் ன, ண, ள எல்லாம் ஒரே சுருளாகத் தெரியும். எழுத்தளவை ஓரிரு பாயின்ட் பெரிதாக்கி, வரி இடைவெளியையும் கூட்டுங்கள், இல்லையென்றால் மேல்வரியில் கீழே இறங்கும் குறிகளும் கீழ்வரியில் மேலே ஏறும் குறிகளும் முட்டிக்கொள்ளும். எண்களை நம் முறைப்படி 1,25,000 என்று பிரியுங்கள். பெரிய தொகைக்குக் காசோலையில் எழுதுகிற மாதிரி எழுத்தாலும் காட்டுங்கள். ஒரு சைபர் கூடிப்போனது எண்ணில் கண்ணுக்குத் தப்பும், 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' என்று படித்தால் உடனே உறைக்கும்.

மக்கள் வாயில் இருக்கும் அக்கவுண்ட், பின் நம்பர், ஓடிபி போன்றவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மலையாளத் திரை ஒன்று கொடுத்தால் பக்கத்து மாநிலத்துக்கும் அப்படியே போகலாம்.

ஐந்தாம் படி: துறைமுக வெயிலில் வைத்துப் பாருங்கள்

குளிர்சாதன அறையில் பெரிய திரையில் பார்த்து முடிவெடுத்த வெளிர் சாம்பல் எழுத்தை, சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். சார்ஜ் நிற்பதற்காக வெளிச்சம் குறைத்து வைத்த போன். கீறல் விழுந்த கண்ணாடி, அதன் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த செதிள். உப்புத் தண்ணீரில் ஊறிய கட்டைவிரலைக் கைரேகைக் கருவி ஏற்காது. லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் ஏற்காது. மூன்றாம் தடவை செயலி பூட்டிக்கொள்ளும். "இது ஆகாது, பைசாவாவே தாங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வாடிக்கையாளர் போனது போனதுதான்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது உலகளவில் ஏற்றுக்கொண்ட அளவு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அதைத் தாண்டியே போங்கள். விரல் படும் பொத்தான் ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கைரேகை ஏற்காதபோது பின் எண் கேட்கும் திரை உடனே வர வேண்டும். முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சோதனையை எல்லாராலும் செய்ய முடியாது. பார்வையற்றவர்களுக்கும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாற்று வழி வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆறாம் படி: கேட்கக் கூடாததைக் கேட்காதீர்கள்

கடன் செயலி போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேமரா, மைக், இருப்பிடம் மூன்றையும் அடையாளச் சோதனைக்காக ஒரு முறை, ஒப்புதலோடு கேட்கலாம். சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய செயலிகளின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே உங்கள் முகப்பில், "உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் நாங்கள் பார்ப்பதில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த விளம்பர வாசகத்தையும்விட அது வேலை செய்யும்.

தந்திரப் பொத்தான்களையும் விட்டுவிடுங்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. 'இன்னும் 5 நிமிடம்தான்' என்று பொய்யாக ஓடும் கடிகாரம், தானாகவே டிக் செய்து வைத்த காப்பீடு, எளிதில் சேரவிட்டு விலக வழி தராத சந்தா எல்லாம் அதில் உண்டு. முதல் மாதம் இவற்றால் வருமானம் கூடும் என்பது உண்மைதான். இரண்டாம் மாதம் ஊரே பேசும்.

ஏழாம் படி: ஊர்க் காலண்டரைச் செயலிக்குள் கொண்டுவாருங்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வரும் செயலியால் இதைச் செய்ய முடியாது, உங்களால் முடியும். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் சின்னமுட்டத்துக்கு முதல் கணக்கு, குளச்சலுக்கு இரண்டாவது கணக்கு. மே மாதம் குளச்சல்காரருக்குப் படகு ஓடும், சின்னமுட்டத்துக்காரருக்கு ஓடாது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தவணை நினைவூட்டல் அனுப்பும் செயலி யாரையும் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பது ஒரே செய்தியில் வெளுத்துவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் அப்படித்தான். இலை உதிரும் மாதங்களிலும் அடைமழையிலும் வெட்டு கிடையாது.

எனவே சேரும்போதே, "உங்களுக்கு வருமானம் குறைகிற மாதங்கள் எவை?" என்று கேளுங்கள். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒப்புக்கொண்டால் அந்த மாதங்களில் தவணையைக் குறைத்து, மற்ற மாதங்களில் ஏற்றலாம். அதற்கு வழியில்லை என்றாலும் நினைவூட்டலின் தொனியையும் தேதியையுமாவது மாற்றலாம்.

எட்டாம் படி: இப்போது லோகோ, நிறம், ஒலி

சரி, இனி லோகோவுக்கு வரலாம். ஸ்டேட் வங்கியின் நீல வட்டத்தைப் பாருங்கள். 1971-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேகர் காமத் வடிவமைத்தது. ஒரு வட்டம், அடியில் சாவித்துளை போல ஒரு வெட்டு. தூரத்துப் பலகையிலும் தெரியும், ரப்பர் ஸ்டாம்பிலும் தெரியும். ஐம்பது வருடத்துக்கு மேல் அதே வட்டம் நிற்பதுதான் அதன் பலம். ஆகவே எளிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு கை வைக்காதீர்கள். நிறம் நீலமாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. போன்பே ஊதாவை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் ஓடுகிறது. பச்சை, சிவப்பை மட்டும் பிராண்ட் நிறமாக்கத் தயங்குவேன். பணம் வந்தது, பணம் நின்றது என்று சொல்ல அந்த இரண்டும் தேவைப்படும்.

சரிபார்க்கக்கூடிய சின்னம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நல்ல உதாரணம் காட்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல், பதிவு பெற்ற பங்குத் தரகர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் 'வேலிட்' என்ற சொல் சேர்ந்த தனி யுபிஐ முகவரி கிடைக்கிறது. அதற்குப் பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் தெரியும். அந்தப் படத்தை யாரும் வரையலாம்தான். ஆனால் அதைக் காட்டுவது பணம் கட்டுகிறவரின் சொந்தச் செயலி. போலிக்காரன் அங்கே நுழைய முடியாது. நீங்கள் முதலீட்டுத் துறையில் இருந்தால் அந்த முகவரியை உங்கள் லோகோவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

அசைவுப் படங்களில் அடக்கம் வேண்டும். அமெரிக்காவின் ராபின்ஹுட் செயலி பங்கு வாங்கியதும் திரையில் வண்ணக் காகிதம் தூவியது. சூதாட்டம் போல் ஆக்குகிறார்கள் என்று கடும் விமர்சனம் எழ, 2021-ல் அதை நீக்கினார்கள். கடன் வாங்கியவருக்குப் பட்டாசு வெடித்துக் காட்டுகிற செயலி நம் ஊரிலும் உண்டு. கடன் வாங்கியவர் சந்தோஷத்தில் வாங்கினாரா, ஆஸ்பத்திரி பில்லுக்கு வாங்கினாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் படி: தகராறு வந்தால்

செயலியின் எந்தத் திரையில் இருந்தும் இரண்டே தொடுதலில் புகார்ப் பக்கம் வர வேண்டும். குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், எண், வேலை நேரம் அதில் இருக்கட்டும். ரோபோ அரட்டைப் பெட்டியை முதல் வாசலாக வைக்காதீர்கள். பணத்தைக் காணோம் என்று பதறி வருகிறவரிடம் "நான் எப்படி உதவலாம்?" என்று அது சிரித்துக்கொண்டே கேட்கும். போனை எடுக்கிறவர் "அண்ணாச்சி, பேரச் சொல்லுங்க, இப்பவே பாக்கேன்" என்று ஊர்ப் பேச்சில் பேசினால் பாதிக் கோபம் இறங்கிவிடும். உங்கள் செலவில் மிகப் பெரிய பிராண்டிங் செலவு இந்த இருக்கையாக இருக்கட்டும்.

புகார் எண், கெடு, கெடு தாண்டினால் எங்கே போவது என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மோசடி என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. உங்கள் மேல் புகார் சொல்லும் இடத்தை நீங்களே காட்டுவது வியாபாரத்துக்கு ஆகாது என்பார்கள். போலிச் செயலி எதுவும் அதைக் காட்டாது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சர்வர் விழுந்தாலும் மறைக்காதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படி ஒரு நாளில் தவணை தவறியவருக்குத் தானாக அபராதம் போடும் நிரலை நிறுத்தி வைக்க, உங்களிடம் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். இணையம் இல்லாத போனிலும் யுபிஐ அனுப்ப 2022 மார்ச்சில் வந்த 123பே வழி இருக்கிறது. உதவிப் பக்கத்தில் அதையும் சேருங்கள்.

பத்தாம் படி: ஊருக்குள் கொண்டுபோய்ச் சோதியுங்கள்

நண்பர்களிடம் காட்டி "சூப்பர்" வாங்குவது சோதனை ஆகாது. ஒரு மீன்காரம்மா, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார், வளைகுடாவில் இருந்து லீவுக்கு வந்த ஒருவர் என்று நாலைந்து பேர் போதும். செயலியைக் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு மூன்றே கேள்வி: இதில் கடன் கொடுப்பது யார்? மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும்? பைசா மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க? மூன்றுக்கும் திரையைப் பார்த்தே பதில் வந்தால் வெளியிடலாம். "பாக்க நல்லா இருக்கு மக்களே" என்ற பதில் மட்டும் வந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

வெளியிட்ட பிறகு எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதை விட்டுவிட்டு வேறு இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஒன்று, "என் பைசா எங்கே?" என்று கேட்டு வரும் அழைப்புகள். அவை குறையாவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்த் திரையில் உள்ள வாசகத்தை மாற்றி எழுதுங்கள். இன்னொன்று, முதல் தடவை 1 ரூபாயும் 100 ரூபாயுமாக அனுப்பிப் பார்த்தவர் இரண்டாவது, மூன்றாவது தடவை எவ்வளவு அனுப்புகிறார் என்பது. அந்தத் தொகை ஏறவில்லை என்றால், அவரை அழைத்துக் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு திரையையோ ஒரு வரியையோ சுட்டிக் காட்டுவார். அடுத்த பதிப்பில் அதிலிருந்து தொடங்குங்கள்.